டோலினா கலைத்த கற்குவியல்

எங்கள் மலையூர் அர்டாரனில் டோலினா மேத்தசனைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். "அவளா? அவ வாய் இருக்கே..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வாய்க்குப் பயந்து, தபால் வண்டி ஓட்டுகிற நானே பல நாள் அவள் வீட்டுக் கடிதங்களைக் கதவிடுக்கில் திணித்துவிட்டு ஓடியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஐந்து வருஷம் மூடிக்கிடந்தது. மூடிக்கிடந்தது என் பொருட்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பா ஆட்டுக்காரர். பதினாறு வயதில் துறைமுகத்தில் மீன் வெட்டும் வேலைக்குப் போனாள். இரண்டே மாதத்தில் மேற்பார்வையாளன் ஒருவன் கையை எங்கேயோ வைக்க, ஒரு கூடை ஐஸை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு வந்தாள். பிறகு மலைப்பாதை போடும் கூட்டத்தில் சேர்ந்தாள். முப்பத்தைந்து வருஷம் கல் சுமந்தாள், கல் புரட்டினாள், கல் பதித்தாள். ஸ்கூர் லியாவுக்கு ஏறுகிற பாதையில் சதுப்பு முடிகிற இடத்திலிருந்து முகடு வரைக்கும் உள்ள படிகள் எல்லாம் அவள் கை வைத்தவை. ஒரு படிகூட ஆடாது. ஒரு கல்லைக் காட்டினால் அது எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். கல்யாணம் ஆனது. கப்பல் இன்ஜின் வேலைக்காரன், நாலு வருஷத்தில் அபர்டீன் பக்கம் போனவன் திரும்பவே இல்லை. "போனது நல்லது, அவனுக்குக் கதவைச் சாத்தவே தெரியாது" என்பதோடு அந்த அத்தியாயத்தை முடித்துக்கொண்டாள். பிறகு அறுபது ஆடு, இரண்டு நாய், ஊர் மலை மீட்புக் குழு. குழுவில் அவளுக்கு இருபத்தெட்டு வருஷம், எனக்கு இருபத்திரண்டு.

ஸ்கூர் லியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் முகட்டில் ஐந்து தலைகள் உண்டு, அதில் உயரமானது அது. வடக்குத் தலையிலிருந்து அங்கே போகிற முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் உலகமே வருகிறது. முகடு சில இடத்தில் ஒரு மேஜை அகலம்தான். இடது பக்கம் ஏரி, வலது பக்கம் கடலும் தீவுகளும். காலுக்கடியில் முரட்டுப் பாறை, பூட்ஸ் நன்றாகப் பிடிக்கும். பயமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வரும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துப் போனால் பாறையெல்லாம் வெள்ளியாக மின்னும். நானூறு தடவைக்கு மேல் ஏறியிருக்கிறேன், ஒரு தடவைகூட அலுத்ததில்லை. டோலினாவும் அப்படித்தான். ஆனால் அவள் உச்சியில் நிற்கமாட்டாள். உச்சிக் கல்லை ஒரு தட்டு தட்டிவிட்டு, பத்தடி கீழே காற்றில்லாத இடத்தில் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பாள். "உச்சியில நின்னு கைய விரிச்சுட்டு நிக்கறதுக்கு நான் என்ன சோளக்கொல்லை பொம்மையா?" என்பாள்.

மூவாயிரம் அடிக்கு மேலே உள்ள மலைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. மொத்தம் இருநூற்று எண்பத்திரண்டு. அதை ஒவ்வொன்றாக ஏறி, வீட்டுச் சுவரில் மாட்டிய பட்டியலில் அடித்துக்கொண்டே வருகிறவர்கள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஸ்கூர் லியா அதில் ஒன்று. சனிக்கிழமை காலை எங்கள் ஊர்ச் சாலையில் ஆட்டை ஓட்ட முடியாது, அத்தனை கார். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். மலையைப் பார்க்க வருகிறவன் ஒருத்தன் என்றால் கணக்கை முடிக்க வருகிறவர்கள் பத்துப் பேர். மழையா, மூடுபனியா, எதையும் பார்ப்பது கிடையாது. இன்றைக்கு இது, நாளைக்கு அடுத்தது. டோலினா அவர்களை வழியில் நிறுத்தி, "திசைகாட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்பாள். போனைத் தூக்கிக் காட்டுவார்கள். "அது செத்துப்போச்சுன்னா உங்களையும் கூட்டிட்டுப் போகும்" என்பாள். மூஞ்சி சுளித்துக்கொண்டு போவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம். டண்டீயிலிருந்து ஃப்ரேசர் இம்ரி என்று இருபத்து நாலு வயதுப் பையன் தனியாக ஏறினான். மூடுபனி. உச்சியைத் தாண்டி இருநூறு அடி வைத்ததும் இடது பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் அடையாளம் ஒன்றும் கிடையாது. திரும்பாமல் நேரே நடந்தால் நாற்பது கஜத்தில் கருப்புப் பிளவு, ஐந்நூறு அடி ஆழம். விளிம்பில் காற்று பனியைத் திண்டு மாதிரி வெளியே நீட்டி வைத்திருக்கும். மேலே நின்று பார்த்தால் தரை மாதிரிதான் தெரியும், அடியில் ஒன்றுமே இருக்காது. அவன் அதன் மேல் கால் வைத்துவிட்டான்.

அவனை மேலே கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. மூடுபனியில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. எல்லாம் கயிற்றில்தான். முதல் நாள் மாலை இறங்கும் முன், மறுநாள் வருகிறவர்கள் கயிறு கட்டின இடத்தைத் தேடி அலையக் கூடாதே என்று, விளிம்பிலிருந்து எட்டடி உள்ளே கல் அடுக்கி ஓர் அடையாளம் வைத்தேன். முழங்கால் உயரம். வைத்தது நான்தான். ஹெக்டர் மன்ரோ, அர்டாரன் தபால்காரன்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. வேலைக்காக மலையில் எதை வைத்தாலும் கலைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கல், கொடி, கயிறு, எதுவானாலும். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. கற்குவியலைப் பார்த்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு கல் வைப்பார்கள். செத்தவர்களுக்கு மரியாதை, இருக்கிறவர்களுக்கு வழி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளே இல்லை. அடையாளக் கல்லை விட்டுவிட்டு வந்தால் ஒரே கோடையில் அது வளர்ந்துவிடும், வளர்ந்த பிறகு அது என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் நாள் இருட்டும் நேரம் பையனின் உடலைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஆறு பேர் போய்விட்டார்கள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கடைசியாக நின்றவன் நான். கை விறைத்துப் போயிருந்தது. கீழே ஹோட்டலில் சூடாக சூப் வைத்திருப்பார்கள். ஒரு உதை விட்டிருந்தால் போதும். விடவில்லை. பாதி வழியில் டோலினா காத்திருந்தாள்.

"கல்லைக் கலைச்சியா?"

"கலைச்சேன்."

இவ்வளவுதான் என் பொய். ஒரு வார்த்தை.

மே மாதம் அவள் ஆடுகளைத் தேடி மேலே போனவள் நேராக என் வீட்டு முற்றத்துக்கு வந்தாள். கையுறையைக் கழற்றி என் வண்டி மேல் அடித்தாள்.

"கலைச்சேன்னு சொன்னியே, படுபாவி! இடுப்பு உசரத்துக்கு நிக்குது!"

"ஞாயித்துக்கெழம போய்க் கலைச்சிடறேன் டோலி."

"இன்னிக்குப் போ."

"இன்னிக்கு வேலை இருக்கு. சொன்னா செய்யமாட்டேனா?"

"அதான் பாத்தோமே, நீ சொல்லிச் செய்யற லட்சணத்த!"

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, ஃப்ரேசரின் அப்பா வந்துவிட்டார். ஆர்ச்சி இம்ரி. டண்டீயில் பஸ் ஓட்டியவர், அறுபத்தாறு வயது, மலையே ஏறாதவர். மகன் விழுந்த இடத்தைப் பார்க்கத் தட்டுத்தடுமாறி ஏறினார். மேலே போனால் கற்குவியல். இறங்கி வந்து ஹோட்டல் கூடத்தில் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என் பையன தூக்கிட்டு வந்ததே பெரிசு. அங்க அவனுக்குன்னு கல்லு வேற வச்சிருக்கீங்க. யாரு பெத்த பிள்ளைங்களோ நீங்க... இந்த நன்றிய நான் எங்க கொண்டு போய்க் கொடுப்பேன்?"

மர்டோ ஃபின்லேசன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தான். மர்டோதான் குழுத் தலைவன், அந்த ஹோட்டலும் அவனுடையதுதான். "எங்க கடமைங்க" என்றான். என்ன கடமை? அவனுக்கு அந்தக் கல்லைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. கயிற்று வேலைக்கு வந்திருந்த மற்றவர்கள், என் அடையாளத்தை நான் கலைத்துவிட்டேன், இது பிறகு யாரோ அடுக்கியது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் டோலினா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போ. சொல்லிடு. இப்பவே சொல்லிடு. இன்னிக்குச் சொன்னா ஒரு தடவ அழுவாரு. நாளைக்குச் சொன்னா ரெண்டு தடவ அழுவாரு."

"எப்படி டோலி சொல்றது? அந்த ஆளு முகத்தப் பாத்தியா?"

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன்."

"நீயே சொல்லேன்."

"நான் ஏன்டா சொல்லணும்? வச்சது நீ. இது உன் வாயால வரணும். நான் சொல்லமாட்டேன், சாகற வரைக்கும் சொல்லமாட்டேன். ஆனா நீ சொல்ற வரைக்கும் உன்ன நிம்மதியா விடவும் மாட்டேன்."

இரண்டிலும் அவள் வாக்குத் தவறவில்லை.

அதன் பிறகு அந்தக் குவியல் வளர்ந்த வேகம் இருக்கிறதே! ஆர்ச்சி அடுத்த மார்ச்சில் பித்தளைத் தகடு ஒன்று கொண்டுவந்து வைத்தார், பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும். வருஷா வருஷம் வந்தார். பட்டியல்காரர்கள் போனில் அந்த இடத்தைக் குறித்து வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுசாகத் தெரியும், முதுகுக்குப் பின்னால் தீவுகள் வரிசையாக நிற்கும். உண்மைதான், ஸ்கூர் லியாவிலேயே அழகான பார்வை அங்கேதான். படம் எடுக்க விளிம்பு வரைக்கும் போவார்கள், வருவார்கள். புல் தேய்ந்து பாதை விழுந்துவிட்டது. மூன்றாம் வருஷம் குவியல் உச்சிக் குவியலைவிட உயரம். நாலாம் வருஷம் ஆள் உயரம். மர்டோ ஹோட்டல் வரவேற்பறையில் அதன் படத்தைப் பெரிதாக மாட்டினான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இருக்கிறவனுக்கு என்ன சொல்வது?

டோலினா ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் எழுந்து நிற்பாள். "அந்தக் குவியலக் கலைக்கணும். அது பொய்யான இடத்துல நிக்குது. மூடுபனில வர்றவனுக்கு அது 'இப்படி வா'ன்னு கை காட்டும்." மர்டோ பெருமூச்சு விடுவான். "பெத்தவர் மனச நெனச்சுப் பாரு டோலினா. உனக்குப் பிள்ளை இல்ல, உனக்குப் புரியாது." கூட்டத்தில் இதைச் சொன்னான், எல்லார் முன்னாலும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க அவள் கல்நெஞ்சக்காரி ஆனாள். நான் நல்ல தபால்காரன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஏன் அவளே போய்க் கலைக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் ஒரு நாள் கேட்டேன். "அந்தக் கிழவர் வந்து பாத்துட்டு, ஏன் இல்லன்னு கேட்டா, அவருக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்லு. மறுநாளே கலைக்கிறேன்" என்றாள். நான் தபால் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

போன அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை. லீட்ஸிலிருந்து வெண்டி ஹோல்ராய்ட் என்று ஒரு டீச்சரம்மா, ஐம்பத்திரண்டு வயது, தனியாக வந்திருந்தார். அவருக்கு ஸ்கூர் லியா இருநூற்றுப் பதினாலாவது மலை. மத்தியானம் மூடுபனி இறங்கியது. போன் அணைந்துவிட்டது. உச்சியைத் தொட்டுவிட்டு நடந்திருக்கிறார். எதிரே பனிக்குள் ஆள் உயரக் கற்குவியல். அதற்குப் பக்கத்தில் தேய்ந்த பாதை. அந்தப் பாதையில் போய்விட்டார்.

ஐந்நூறு அடி விழவில்லை. அறுபது அடியில் ஒரு பாறைத் திட்டு பிடித்துக்கொண்டது. இடுப்பெலும்பு உடைந்தது, ஒரு கை உடைந்தது. விசில் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். வடக்குத் தலையில் நின்ற ஒருவருக்குக் கேட்டது. கயிற்றில் முதலில் இறங்கியது டோலினாதான். அந்தத் திட்டில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. அந்த அம்மாளை மடியில் சாய்த்துக்கொண்டு, தன் கோட்டைப் போர்த்தி, நாங்கள் மேலே ஆள் சேர்த்துத் தூக்குப் படுக்கையைக் கட்டி இறக்குகிற வரைக்கும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மேலே ஒயர்லெஸ்ஸில் அவள் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏதேதோ பேசினாள், ஆட்டைப் பற்றி, நாயைப் பற்றி, ஓடிப்போன புருஷனைப் பற்றி. அந்த அம்மா சிரித்ததுகூடக் கேட்டது. நடுவில் அந்த அம்மா சொன்னதும் கேட்டது.

"கல்லப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சுங்க. யாரோ நல்லவங்க வழி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

ஒயர்லெஸ் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விடியும்போதே கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். இரண்டு நாள், தனியாக, ஐந்து வருஷக் குவியலைப் பிரித்தாள். உதைத்துத் தள்ளவில்லை. ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் போய்ச் சரிவில் அது கிடந்திருக்கக்கூடிய இடத்தில், பாசி பிடித்த முகம் மேலே இருக்கும்படி வைத்தாள். பாதை வேலைக்காரர்கள் அப்படித்தான் வைப்பார்கள், அப்போதுதான் கல் எடுத்த தடம் தெரியாது. தேய்ந்த பாதையின் மேல் புல் கட்டிகளை வெட்டிப் பதித்தாள். மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்று இருந்தது என்பதே தெரியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி! அந்த நேரத்திலும் என் நிம்மதியைத்தான் பார்த்தேன், வெட்கங்கெட்ட பயல்.

ஊர் வெடித்தது. போன்களில் திட்டு மழை. "கல்லறையை உடைத்தவள்." "செத்தவனுக்குக்கூட இடம் கொடுக்காத சூனியக்காரி." அவள் வாசல் கேட்டில் யாரோ சிவப்பு பெயிண்ட் ஊற்றிவிட்டுப் போனார்கள். மர்டோ கூட்டம் போட்டான். இரண்டே தீர்மானங்கள். குவியலை அதே இடத்தில் இந்தத் தடவை சிமென்ட் வைத்து, அசைக்க முடியாதபடி கட்டுவது. டோலினாவைக் குழுவிலிருந்து நீக்குவது. ஆர்ச்சி இம்ரிக்கும் சொல்லி அனுப்பினான்.

நவம்பர் மாதம், ஊர் மண்டபம், மாலை ஐந்து மணி. எழுபது பேர் இருந்தார்கள். தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் வழக்கம் போல் இருந்தன. ஒருத்தரும் தொடவில்லை. டோலினா கடைசி வரிசையில் தன் வேலைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஆர்ச்சி முன்னால் எழுந்து நின்றார். ஆறு வருஷத்தில் ரொம்பத் தளர்ந்திருந்தார். ஆனால் குரல் தளரவில்லை.

"அம்மா, உங்களுக்கு என் பையன் என்ன செஞ்சான்? அந்த எடத்துல அவன் பேரச் சொல்ல ஒரு கல்லுதான இருந்துச்சு? அவனத் தூக்கின கையால வச்ச கல்லு அது. அத எடுத்து வீச உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? சொல்லுங்க, நான் கேக்கறேன்."

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் இடி மழையில் நனைகிற மாடு மாதிரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். "பேசேன்டி! இத்தனை வருஷம் கத்தினியே!" என்று பின்னால் யாரோ கூவினார்கள்.

"அந்த லீட்ஸ்காரம்மா விழுந்ததுக்குக் கல்லு என்ன பண்ணும்?" என்றான் மர்டோ. "மூடுபனில வந்தது அவங்க தப்பு. சரி, நேரத்த வளக்க வேணாம். திரும்பக் கட்டறதுக்குச் சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. முன் வரிசை, நடு வரிசை, ஜன்னலோரம். என் கையும் எழுந்தது. தோள் வரைக்கும் எழுந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் நான் எழுதின மற்றதெல்லாம் குப்பை.

அப்போதுதான் டோலினா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டுவதுபோல் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து முறைக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். இவன் இவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள். கையை இறக்கி எழுந்து நின்றேன்.

"இம்ரி ஐயா, அந்தக் கல்லு உங்க பையனுக்காக வச்சது இல்ல."

ஆர்ச்சி என் பக்கம் திரும்பினார்.

"கயிறு கட்டின எடத்துக்கு அடையாளமா வச்சது. நான் வச்சேன். எறங்கறப்பக் கலைச்சிருக்கணும். கலைக்கல. டோலினா கேட்டதுக்குக் கலைச்சேன்னு பொய் சொன்னேன். நீங்க வந்து அழுதப்ப வாய மூடிட்டேன். அஞ்சு வருஷமா அவளுக்குத் தெரியும். என் வாயால வரணும்னு அவ சொல்லாம இருந்தா."

ஆர்ச்சி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து என் முன்னால் வந்து நின்றார்.

"மறந்துட்டியா?"

"மறக்கல. கை விறைச்சிருந்தது. கீழ சூப் ஆறிடும்னு எறங்கிட்டேன்."

"எத்தன கல்லு?"

"பதினொண்ணு."

"பதினொரு கல்லு. நான் வருஷா வருஷம் டண்டீலேர்ந்து என் வீட்டுத் தோட்டத்துக் கல்லு ஒண்ணு பையில போட்டுட்டு வந்தேன்டா. அவன் சின்னதுல சுத்தி வெளையாடின பூப்பாத்திக் கல்லு. அத உன் சூப்பு மேல கொண்டுவந்து வச்சிருக்கேன். என் பையன் பேர எழுதி வச்சு ஒரு பொம்பளைய மலையிலேர்ந்து தள்ளிவிட்டுட்டீங்களேடா, பாவிங்களா!"

ஓங்கி ஓர் அறை விட்டார். காது ரீங்கரித்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்காதது சரிதான்.

டோலினா எழுந்து வெளியே போனாள். வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஆட்டுத் தீவனம் போடுகிற வாளி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். ஆர்ச்சியின் காலடியில் வைத்தாள். உள்ளே பித்தளைத் தகடு, துணியில் சுற்றியிருந்தது. அதற்கடியில் கழுவித் துடைத்த ஐந்து கல்.

"இது எங்க மலைக் கல்லு இல்லன்னு பாத்ததும் தெரிஞ்சது. நிறம் வேற. தனியா எடுத்து வச்சேன். கணக்குச் சரியான்னு பாத்துக்குங்க."

ஆர்ச்சி முழங்காலிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பாமலே மர்டோவிடம் சொன்னார்: "தூக்கின கையெல்லாம் கீழ போடச் சொல்லுங்க."

கைகள் எப்போதோ இறங்கியிருந்தன. தீர்மானம் இரண்டும் அப்படியே செத்துப் போயின. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தராவது டோலினாவிடம் மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. மர்டோ ஸ்கோன் தட்டை எடுத்து உள்ளே வைத்தான். ஊர் என்றால் இதுதான். அவளை ஏசுவதற்கு எழுபது வாய் இருந்தது, மன்னித்துக்கொள் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

நான் கேட்கப் போனேன். வாசலில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"என்கிட்ட எதுவும் பேசாத. எனக்கு யாரும் ஒண்ணும் செய்யல, வாசல்ல கொஞ்சம் பெயிண்டு, அவ்வளவுதான். இன்வர்னஸ் ஆஸ்பத்திரிக்குப் போ. இடுப்பொடிஞ்சு கெடக்கறாங்களே, அவங்ககிட்ட போய்ச் சொல்லு. எழுதி அனுப்பாத. உன் மூஞ்சிய அவங்க பாக்கணும்."

மறுநாள் காலை தபால் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். ஹோல்ராய்ட் அம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார், காலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் மீட்புக் குழுவில் ஒருத்தன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, உட்காரச் சொன்னார். பக்கத்திலிருந்த பழத்தை எடுத்து நீட்டினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு கல், சூப், பொய், ஐந்து வருஷம்.

அவர் பழத்தை மெல்ல மேஜை மேல் திரும்ப வைத்தார்.

"அந்தத் தகட்டுல பேரப் படிச்சேன்" என்றார். "ஃப்ரேசர். தேதியப் பாத்தா இருபத்தி நாலு வயசுதான். எனக்கும் அந்த வயசுல ஒரு பையன் இருக்கான். பாவம்னு நெனச்சு, கீழ கெடந்த ஒரு கல்ல எடுத்து நானும் மேல வச்சேன். வச்சுட்டு, பாதை இருந்த பக்கம் நடந்தேன்."

அப்புறம் நர்ஸைக் கூப்பிடுகிற பொத்தானை அமுக்கி, என்னை வெளியே அனுப்பச் சொன்னார்.